மச்சான் அடியில் புகாத வண்டி

நாலு சக்கரமும் இழுக்கும் பழைய ஜீப் மாதிரி வண்டி வாங்கப் போகிறவன், எங்கள் பீவா மலைப்பக்கத்தில், காசைத் தேடுவதற்கு முன்னால் என் மச்சான் ஒப்ரெனைத் தேடுவான். அக்கா ஸ்தானாவின் புருஷன் அவர். மரம் ஏற்றும் லாரி ஓட்டுகிறார். பனி விழுந்துவிட்டால் சாதாரணக் கார் எங்கள் ஊருக்கு ஏறாது. அதனால் வண்டி சரியாக அமைந்தவனுக்குத்தான் இங்கே குளிர்காலம் ஓடும்.

மச்சான் பார்க்கிற விதமே தனி. முதலில் பானெட்டில் உள்ளங்கையை வைப்பார். சூடாக இருந்தால், "நாங்க வர்றதுக்குள்ள எழுப்பி விட்டுட்டீங்களா? தூங்கட்டும், நாளைக்கு வர்றோம்" என்று திரும்பிவிடுவார். குளிரில் கிளம்புவதற்கு எவ்வளவு முக்குகிறது என்று தெரிய வேண்டாமா? பிறகு ஈர வாடை அடிக்கிறதா என்று கால்மிதியைத் தூக்கி மோந்து பார்ப்பார். கடைசியாக, சேறோ பனியோ, மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் புகுந்துகொள்வார். சின்னச் சுத்தியலால், வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேஸிஸ் நெடுகத் தட்டிக்கொண்டே போவார். நல்ல இரும்பு கணீரென்று பேசும். துருவை நோண்டிப் பட்டி அடைத்த இடம் தொப்பென்று சொல்லும். விற்கிறவன் முகம் அந்த இடத்தில் மாறுவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

வெளியே வந்து ஒரே வார்த்தைதான். "எடுக்கலாம்", இல்லையென்றால் "கோழிக்கூடு". அதற்கு மேல் பேரமே கிடையாது. கூலி என்று ஒரு மிடறு ராக்கியா, எங்கள் ஊர்ப் பழச்சாராயம், அவ்வளவுதான்.

போன இலையுதிர்காலத்தில் மச்சானின் சொந்த வண்டியே படுத்துவிட்டது. மகள் நேதாவைத் திங்கட்கிழமை கீழே பள்ளி விடுதியில் இறக்கிவிட்டு, வெள்ளிக்கிழமை ஏற்றிவர வேண்டும். அந்த நேரம் பார்த்து காவ்ரோவிடமிருந்து போன் வந்தது. தன் ஜப்பான் வண்டியை விற்கப் போகிறானாம்.

காவ்ரோ மச்சானுக்குக் கூம். அக்கா கல்யாணத்தில் பக்கத்தில் நின்று சாட்சி சொன்னவன், நேதாவைக் கையில் ஏந்தி ஞானஸ்நானம் செய்வித்த ஞானத்தகப்பன். எங்கள் ஊரில் கூடப்பிறந்தவனோடு மண்டையை உடைத்துக்கொள்ளலாம், கோர்ட்டுக்கும் போகலாம். கூமைச் சந்தேகப்பட்டால் ஊரே காறித் துப்பும்.

பழக்க தோஷத்தில் மச்சான் சுத்தியலோடு இறங்கிவிட்டார். காவ்ரோ பார்த்துவிட்டான்.

"என்ன கூமே, சுத்தியலோட வந்திருக்கே? என் மண்டையைத் தட்டிப் பாக்கவா?"

மச்சானுக்கு முகம் சிவந்துபோயிற்று. சுத்தியலை என் கையில் திணித்தார்.

"ஒரு தட்டு தட்டித்தான் பாப்போமே மச்சான்" என்று காதோரம் சொன்னேன்.

"வாயை மூடுடா. கூம் வீட்டு முத்தத்துல போய் மல்லாந்து படுக்கச் சொல்றியா?"

ஓட்டிப் பார்த்தார். எஞ்சின் நன்றாகத்தான் இருந்தது. கியர் வெண்ணெயாக விழுந்தது. கைகுலுக்கி வாங்கிவிட்டார். ஊரெல்லாம் அடியில் புகுந்து பார்த்த மனுஷன், தனக்கு என்று வாங்கியதை நின்றபடியே வாங்கினார்.

முதல் பனிக்குப் பிறகு வந்த ஒரு திங்கட்கிழமை, குகைப்பாதையை விட்டு வெளியே வரும் வளைவில் சேஸிஸ் இரண்டாக முறிந்தது. பின்பாதி இழுபட்டு, வண்டி பாறைப் பக்கம் போய் மோதியது. மறுபக்கம் சரிந்திருந்தால் கீழே ஏரிதான். பின்சீட்டில் இருந்த நேதாவுக்கு நெற்றியில் வீக்கம். அதோடு விட்டது.

டிராக்டர் எடுத்துக்கொண்டு நான் போனபோது மச்சான் அடியில் கிடந்தார். முறிந்த இடத்தில் தகரம், அதன் மேல் பட்டி, அதற்கும் மேல் புத்தம்புதுத் தார்ப்பூச்சு. நகத்தால் கீறியதும் உரிந்து வந்தது.

"கூமுக்குத் தெரிஞ்சிருக்காதுடா. அவன் தலையில எவனோ இதைக் கட்டியிருக்கான்."

வழி நெடுக இதையேதான் சொன்னார். வீட்டில் அக்கா கத்தினாள், அவளிடமும் இதுதான். நேதா தன் ஞானத்தகப்பனுக்காக அழுதுகொண்டே பரிந்து பேசினாள். காசைத் திருப்பிக் கேள் என்று நான் சொன்னதை மச்சான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "எனக்குத் தெரியாது கூமே" என்று காவ்ரோ வாயால் ஒரு வார்த்தை கேட்டால் போதும் அவருக்கு. அதற்காகத்தான் போனோம்.

காவ்ரோ காபியும் ராக்கியாவும் வைத்தான். மச்சான் நடந்ததைச் சொல்லிவிட்டு, அவனுக்குப் பதிலையும் தானே எடுத்துக் கொடுத்தார்.

"உன்னையும் எவனோ ஏமாத்தியிருக்கான், இல்ல கூமே?"

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் போதும். படுபாவி, அன்றைக்கென்று பார்த்து உண்மை பேசினான்.

"எனக்குத் தெரியும். வேற என்ன பண்ணச் சொல்றே? எவன் வாங்க வந்தாலும் உன்னைத்தானே கூட்டிட்டு வருவான். நீ அடியில பூந்து பாத்துட்டு கோழிக்கூடுன்னுடுவே. இந்த மலையில நீ அடியில பாக்காம என்கிட்ட வாங்குற ஒரே ஆளு நீதானே."

அவன் கழுத்தைப் பிடிக்க எழுந்தேன். மச்சான் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். அவனிடம் கேட்டார்.

"பின்சீட்டுல நேதா உட்காருவான்னு தெரியுமா?"

காவ்ரோ கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நீ நிதானமா ஓட்டுறவன். ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்."

காபி அப்படியே இருக்க எழுந்து வந்தோம். வழியில் ஓர் இடத்தில் டிராக்டரை நிறுத்தச் சொல்லி, இறங்கி, முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். அழுதாரா என்று நான் பார்க்கவில்லை, பார்க்கப் பிடிக்கவில்லை.

வீங்கிய நெற்றியோடு நேதா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"ஞானப்பா என்னப்பா சொன்னாரு?"

மச்சான் குனிந்து பூட்ஸைக் கழற்றினார். ஒரே முடிச்சை அவிழ்க்க அவ்வளவு நேரம் ஆயிற்று.

"பாவம்மா, அவருக்குத் தெரியாதாம்."