செஸ் மேசையில் விழுந்த மொய்

என் வீட்டுக்காரருக்குக் குடி இல்லை, சீட்டு இல்லை, சிகரெட் இல்லை. இதைச் சொல்லித்தான் எனக்குக் கட்டிவைத்தார்கள். செஸ் இருக்கிறது என்று ஒரு பாவியும் சொல்லவில்லை.

ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் அவர் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். நான் இன்னொரு கம்பெனியில், செல்போன் பாகம் கோர்க்கும் லைனில் சூப்பர்வைசர். வாடகை வீடு, ஏழு வயதில் ஒரே மகள். போன தை மாதம் ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து வந்தவர், காபியைக்கூடத் தொடாமல் ஒரு பேப்பரை என் முன்னால் நீட்டினார்.

"ஓபன் டோர்னமெண்ட் நடத்தப் போறன். மொத்தப் பரிசு நாலு லட்சம். கேரண்டி."

கேரண்டி என்றால், ஆள் வந்தாலும் வராவிட்டாலும் நோட்டீஸில் அச்சடித்த பரிசைக் கொடுத்தே தீர வேண்டுமாம். அப்படிப் போட்டால்தான் பட்டம் வாங்கிய பெரிய ஆட்டக்காரர்கள் வருவார்கள். அவர்கள் வந்தால்தான் மற்றவர்கள் வருவார்கள். அந்தப் பெரிய ஆட்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. ரூம், சாப்பாடு, பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ எல்லாம் நம் செலவு.

"அப்ப காசு கட்டறது யாரு?"

"மத்தவங்க. தலைக்கு ஆயிரத்தைந்நூறு. எரநூத்தம்பது பேரு."

"ஜெயிக்க மாட்டம்னு அவங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா அவ்ளோ பெரிய ஆளுகூட ஒரு ஆட்டம் ஆடனன்னு சொல்லிக்கலாமில்ல?"

"தோக்கறதுக்கு ஆயிரத்தைந்நூறா! எங்க ஊர்ல சும்மாவே தோக்கலாமே."

அவர் காதில் விழவில்லை. ஸ்பான்சர் ஒன்றரை லட்சம், கட்டணம் இவ்வளவு, மண்டபம், நடுவர்கள், சாப்பாடு இவ்வளவு என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார். வரவும் செலவும் ஒரு ரூபாய் பிசகாமல் ஒத்துப்போயின. "பாரு, ஒரு பைசா மிச்சமில்ல, ஒரு பைசா நட்டமில்ல" என்றார் பெருமையாக. பின்னே எந்த மகராசனுக்காக இதைச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். செஸ்ஸுக்காக என்றார்.

இந்த இடத்தில் என் கணக்கையும் சொல்லிவிட வேண்டும். பதினோரு வருஷமாக நான் மொய் எழுதிக்கொண்டிருந்தேன். எனக்குப் பிறந்த ஊர் கல்லாவி. அங்கே சித்தப்பா வகையறா, சிங்காரப்பேட்டையில் மாமா வகையறா, என் வீட்டுக்காரருக்கு நாட்றாம்பாளையத்தில் பங்காளிகள். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கிரகப்பிரவேசம் எதையும் விட்டதில்லை. லீவு போட்டு, சம்பளத்தை விட்டு, பஸ்ஸில் நின்றுகொண்டே போய் ஐந்நூறும் ஆயிரமுமாக எழுதி, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தேன். அத்தனையும் திரும்பி வருவதற்கு எனக்கு இருந்த ஒரே வாய்ப்பு மகளின் காதுகுத்து. அதில் மூன்று லட்சத்துக்கு மேல் வரும். பாகலூர் ரோட்டில் வீடு கட்ட முப்பதுக்கு நாற்பதில் ஒரு சைட் பார்த்து வைத்திருந்தேன். அட்வான்ஸ் மூன்று லட்சம். காதுகுத்து ஞாயிற்றுக்கிழமை, புதன்கிழமைக்குள் பணம் தருகிறேன் என்று சைட்டுக்காரரிடம் வாக்குக் கொடுத்திருந்தேன்.

மண்டப வாடகையைக் கேட்டதும் என் வீட்டுக்காரருக்கு மூளை வேலை செய்தது. "காதுகுத்துக்கும் மண்டபம் வேணும், செஸ்ஸுக்கும் மண்டபம் வேணும். ஒரே நாள் வெச்சா ஒரே வாடகை." காது குத்துவது பக்கத்துப் பிள்ளையார் கோயிலில். பந்தி கீழே. செஸ் மேலே. நான் ஒரு வாரம் பேசவில்லை. கடைசியில், மொய்ப் பணத்தில் ஒரு ரூபாய் தொடமாட்டேன் என்று பிள்ளை தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். சரி, தொலையட்டும் என்று விட்டேன்.

ஸ்பான்சர் ஒரு ரோஜாத் தோட்டக்காரர். ஒன்றரை லட்சம் தருவதாகச் சொன்னவர், காதலர் தினம் முடிந்து விலை விழுந்ததும், "ஏமி சேசேது சார், ரேட்டே லேது" என்று தெலுங்கில் கையை விரித்துவிட்டார். மனுஷன் நல்லவர்தான். பணத்துக்குப் பதிலாக இரண்டாயிரம் ரோஜாவை டெம்போவில் ஏற்றி அனுப்பினார். முந்தின நாள்வரை பெயர் கொடுத்திருந்தவர்களும் நூற்றைம்பதைத் தாண்டவில்லை. என் வீட்டுக்காரர் முகம் வெளுத்துக் கிடந்தது. "ஸ்பாட் என்ட்ரி வரும், அன்னிக்கு வாசல்லயே வந்து கட்டுவாங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

வந்தது. எப்படி வந்தது என்றுதானே கேட்கிறீர்கள்?

செலவு மிச்சம் பிடிக்க ஒரே ஃப்ளெக்ஸ் அடித்திருந்தார். இடது பக்கம் பட்டுப்பாவாடையில் என் மகள், காதணி விழா. வலது பக்கம் குதிரை, ராஜா, 'மொத்தப் பரிசு நான்கு லட்சம்'. அதன் கீழே, மண்டப வாசலிலேயே, செஸ் பதிவு மேசை. சேலத்திலிருந்து வந்த நடுவர் ஒருவர் கண்ணாடி போட்டுக்கொண்டு, நோட்டும் பணப்பெட்டியுமாக உட்கார்ந்திருந்தார். ரோஜா வாடிவிடுமே என்று வருகிற ஆளுக்கெல்லாம் ஒன்று கொடுத்தார். என் மொய் மேசை கீழே பந்தி வாசலில் இருந்தது. அதில் உட்கார வேண்டியவர் என் அண்ணன். அவரோ தாய்மாமன்; மகளை மடியில் வைத்துக்கொண்டு கோயிலில் இருந்தார். நானும் அங்கேதான். அப்பன்காரர் ஐந்து நிமிஷம் வந்து நின்றுவிட்டு, "பேரிங், பேரிங்" என்று மேலே ஓடிவிட்டார். பேரிங் என்றால் யார் யாரோடு ஆடுவது என்கிற பட்டியல்.

அந்த நேரம் பார்த்துத்தான் கல்லாவி, சிங்காரப்பேட்டை வேன்களெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மண்டப வாசலில் நோட்டோடு ஒருவர் உட்கார்ந்து பூக் கொடுத்தால் நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? வரிசையில் நின்றுவிட்டார்கள். முதல் ஆள் என் சித்தப்பா. ஐந்நூறு ரூபாயை நீட்டி ஊரையும் பெயரையும் சொல்லியிருக்கிறார்.

"ஆயிரத்தைந்நூறு சார்" என்றாராம் நடுவர்.

"என்னாது? மொய்க்கு ரேட்டா?"

"எல்லாருக்கும் அதே சார். பிறந்த தேதி சொல்லுங்க."

சித்தப்பா திரும்பி வேனில் வந்தவர்களிடம், "ஓசூர்ல மொய்யி ஃபிக்ஸட் ரேட்டாம்டோய்! ஆயிரத்தைந்நூறு!" என்று அறிவித்திருக்கிறார். ஃப்ளெக்ஸைப் பார்த்த ஒருவர், "அதான் நாலு லட்சம் பரிசு வெச்சிருக்கறாங்க இல்ல, குலுக்கலு" என்று விளக்கம் சொல்ல, எல்லோருக்கும் புரிந்துவிட்டது. கையில் இல்லாதவர் பக்கத்தில் நின்றவரிடம் வாங்கிக் கட்டியிருக்கிறார். நூற்றிருபது குடும்பம். நூற்றிருபது பேரும் ஆட்டக்காரர்களாகப் பதிவாகிவிட்டார்கள்.

கட்டியவர்களுக்கு ஒரு நம்பர் கொடுத்தார்கள். செஸ் போர்டு நம்பர். பந்தி நம்பர் என்று நினைத்துக்கொண்டு எல்லோரும் மேலே போய் உட்கார்ந்தார்கள். நீள மேசை, வெள்ளைத் துணி, வரிசையாக நாற்காலி. வேறெப்படி நினைப்பார்கள்?

கோயிலிலிருந்து திரும்பினால் பந்தியில் ஈ ஆடுகிறது. சமையல்காரர் இடுப்பில் கை வைத்து நிற்கிறார். மேலே ஓடினேன். முந்நூறு பேர் இருந்த இடத்தில் அப்படி ஒரு அமைதி. சிங்காரப்பேட்டை அத்தைக்கு எதிரில், பட்டம் வாங்கிய ஆட்டக்காரர் ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அத்தை ஒரு காயையும் தொடவில்லை. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும், "ஏம்மா, இலை எப்ப போடுவாங்க? இந்தத் தம்பி என்னமோ பொம்மையை நகத்திட்டு என் மூஞ்சியவே பாக்குது" என்றார். "சைலன்ஸ்!" என்று ஒரு நடுவர் பாய்ந்து வந்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சத்தியமாக வரவில்லை. பதிவு மேசைக்குப் போய் நோட்டைப் பிடுங்கிப் பார்த்தேன். என் பதினோரு வருஷம் அங்கே வரிசையாக எழுதிக் கிடந்தது.

"இது என் மொய். திருப்பிக் குடுங்க."

"மேடம், ஃபர்ஸ்ட் ரவுண்ட் பேரிங் போட்டாச்சு. அதுக்கப்புறம் ரீஃபண்ட் கிடையாது. ரூல்."

"எந்த ஊர் ரூலுய்யா?" என்று நான் கத்தியதில் மேலே இரண்டு பேர் தப்பாக நகர்த்திவிட்டார்களாம். என் வீட்டுக்காரர் வந்து கையெடுத்துக் கும்பிட்டார். "நான் தொடலயே! அவங்களா வந்து கட்டனது" என்றார். சத்தியத்தில் ஓட்டை இருக்குமென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மனுஷனா நீ என்று கேட்டேன். அவரை ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை.

உறவுக்காரர்களைக் கெஞ்சிக் கூத்தாடிக் கீழே இறக்கிச் சாப்பிட வைத்தோம். சித்தப்பா மட்டும் வரமாட்டேன் என்றுவிட்டார். குலுக்கல் எந்த நேரமும் நடக்கலாமாம். எதிரில் ஜோடி விழுந்த நம் ஆட்கள் பந்திக்கு எழுந்து போகப் போக, ஆடாமலே அவருக்குப் புள்ளி சேர்ந்தது. சாயங்காலம் அறுபது வயதுக்கு மேற்பட்டோர் பிரிவில் ஐயாயிரம் ரூபாய் அவருக்கு விழுந்தது. "நாங்களும்தான கட்டனம்? எங்களுக்கு ஏன் விழல?" என்று பாதிப் பேர் என்னிடம் சண்டைக்கு வந்தார்கள். பங்காளி ஒருவர் ரோஜாவைத் தரையில் போட்டுவிட்டு வேனில் ஏறினார்.

மீதிப் பரிசெல்லாம் கொடுத்து முடித்த பிறகு, முதல் பரிசு ஒரு லட்சத்துக்குப் பணம் உதைத்தது. அண்ணன் பிறகு வந்து உட்கார்ந்து மற்ற ஆட்களிடம் வசூலித்த மொய், ஒரு எவர்சில்வர் டப்பாவில், என் மடியில் இருந்தது. ஒன்றேமுக்கால் லட்சம். சைட்டுக்காரரின் காலில் விழுந்தாவது அதை வைத்து ஒரு மாதம் தவணை கேட்கலாம் என்று உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர் வந்து முன்னால் நின்றார். கண் டப்பாவில் இருந்தது. அவர் பின்னால் ஜெயித்தவர் நின்றார். திருநெல்வேலிப் பக்கம், முப்பது வயதிருக்கும், கையில் ரோஜா.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். எழுதிய மொய்யைத் திருப்பாத ஒரு வீட்டோடு நான் ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறேன், ஐந்நூறு ரூபாய்க்கு. இந்த மனுஷன் நாலு லட்சம் என்று அச்சடித்து ஊர் ஊராக அனுப்பியிருக்கிறார். நாளைக்கு எங்கள் வீட்டையும் நாலு பேர் அப்படிச் சொல்லமாட்டார்களா? எரிச்சலோடு டப்பாவைத் திறந்து ஒரு லட்சத்தை எண்ணினேன். கொடுப்பதற்கு முன்னால் என் நோட்டை எடுத்து, கொடுத்த மொய்ப் பக்கத்தில் ஜெயித்த தம்பியின் பெயரையும் ஊரையும் எழுதிக்கொண்டேன்.

"தம்பி, எங்க அடுத்த விசேஷத்துக்குப் பத்திரிகை வரும். வந்து திருப்பி எழுதிட்டுப் போகணும்."

அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் மின்விசிறியைப் பார்த்தார். "சரிங்கக்கா" என்று அந்தத் தம்பி நோட்டில் கையெழுத்துப் போட்டார்.

சமையல்காரருக்கும் பாத்திர வாடகைக்கும் கொடுத்தது போக, டப்பாவில் சைட்டுக்காரரிடம் காட்டக்கூடிய அளவுக்கு ஒன்றும் நிற்கவில்லை. அடுத்த விசேஷம் என்றால் மகள் பெரியவளாகும் சடங்குதான். அவர்களைப் பொறுத்தவரை கட்டியது மொய்; அதற்குள் அந்த நூற்றிருபது வீட்டுக்கும் தலைக்கு ஆயிரத்தைந்நூறு நான் திருப்பி எழுத வேண்டும்.

புதன்கிழமை மத்தியானம் கம்பெனி கேண்டீனிலிருந்து சைட்டுக்காரருக்குப் போன் செய்தேன். வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றேன். ஆள் ரெடியாக இருக்கிறது என்று உடனே வைத்துவிட்டார். தட்டில் சாம்பார் சாதம் ஆறிக்கொண்டிருந்தது. என் லைன் பெண்கள் அத்தனை பேரும் பார்க்க அழுதேன். பக்கத்தில் இருந்த பெண் பதறிப்போய் என்ன விஷயம் என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை செஸ் போட்டி நடந்தது என்றேன்.

"தோத்துட்டீங்களாக்கா?"

"நான் ஆடவே இல்லடி" என்றேன்.