வெர்லின் ஸ்டாஃபரும் ரைஷ் துப்பாக்கியும்

கல்யாணமான முதல் வருடம் வெர்லின் வீட்டுக் குளியல் தொட்டியில் அவன் மனைவி அடீல் குளித்ததே இல்லை. பழைய ராணுவத் துப்பாக்கிகளின் குழல்கள், மேலே அப்பிய கிரீஸ் கரைவதற்காக, அதில் வெந்நீரில் ஊறிக்கொண்டிருக்கும்.

"நான் எங்க குளிக்கறது?"

"உங்கம்மா வீடு ரெண்டு தெரு தள்ளித்தானே இருக்கு?"

அவள் துண்டை எடுத்துக்கொண்டு நிஜமாகவே கிளம்பிப் போனாள். நாலு நாள் திரும்பவில்லை.

பென்சில்வேனியாவில் எங்கள் ஊர்க் காகித ஆலையில் நானும் வெர்லினும் ஒரே ஷிஃப்ட். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் தீயணைப்புக் கூடத்தில் நடக்கும் துப்பாக்கிச் சந்தையில் பக்கத்துப் பக்கத்து மேசை போடுவோம். நான் கத்திகள் விற்பேன். அவன் விற்பதைவிட வாங்குவதுதான் அதிகம்.

இருபது வயதில் எந்த நாட்டு ராணுவத் துப்பாக்கியானாலும் வாங்கினான். முப்பதைத் தாண்டியதும் அத்தனையையும் தள்ளிவிட்டான். "லட்சக்கணக்குல அடிச்சுத் தள்ளினதுடா இது. இதுல என்ன இருக்கு?" என்றான். அடுத்து, ஒரு தடவைகூடச் சுடாத கைத்துப்பாக்கிகள். அசல் அட்டைப் பெட்டி, உள்ளே சுற்றிய காகிதம், எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். வெள்ளைக் கையுறை போட்டுத்தான் தொடுவான். ஒருமுறை எவனோ கேட்காமல் ஒன்றை எடுத்துத் தோட்டா உருளையைச் சுழற்றினான். மயிரிழை போல ஒரு கோடு விழுந்தது. வெர்லின் அப்போதே அதன் விலைச் சீட்டைப் பாதியாகத் திருத்தினான்.

"சுடாத துப்பாக்கியை வச்சுக்கிட்டு என்னடா பண்ற?" என்று கேட்டுவைத்தேன். முறைத்தான். ஆனால் சில மாதம் கழித்து ஆலை கேன்டீனில் அவனாகவே சொன்னான்: "பதினஞ்சு வருஷமா நான் அட்டைப் பெட்டிதான்டா சேத்துக்கிட்டிருக்கேன்."

அவற்றையும் விற்றான். அதற்குப் பிறகுதான் யாக்கோப் ரைஷ் வந்து சேர்ந்தார்.

ரைஷ் இருநூறு வருடம் முன்பு எங்கள் மாவட்டத்தில் சக்கிமுக்கிக் கல் துப்பாக்கி செய்தவர். அவர் பெயர் பொறித்த துப்பாக்கிகள் மூன்றுதான் தெரியும். மூன்றும் அருங்காட்சியகக் கண்ணாடிக்குப் பின்னால். நாலாவது, மலைக்கு அந்தப்பக்கம் ஓபல் டீட்ரிக் என்ற விதவையின் கணப்புக்கு மேலே தொங்குகிறது என்று வெர்லின் கண்டுபிடித்தான். குழலின் மேல் மங்கலாக அந்தப் பெயர் இருந்ததைக் கண்ணால் பார்த்தான்.

"குடுக்கமாட்டேன். போட்டோவும் எடுக்கக்கூடாது" என்றாள் கிழவி. "உக்காரு, ஆப்பிள் பை சுட்டிருக்கேன், சாப்பிட்டுட்டுப் போ."

பதினோரு வருடம், ஒவ்வொரு அக்டோபரிலும் போனான். அவளுக்கு விறகு பிளந்தான், கூரைக்கு ஓடு மாற்றினான். பதில் மட்டும் மாறவில்லை.

"ஒரே ஒரு போட்டோம்மா."

"இன்னைக்குப் போட்டோன்னுவ, நாளைக்குத் துப்பாக்கியையே கேப்ப. எனக்கப்புறம் உனக்குத்தான்னு எழுதி வச்சிருக்கேன். பொறுமையா இரேன்."

அவள் தொண்ணூற்றிரண்டு வயதில் போனாள். அவளுடைய தங்கை மகன் கிளைட் தொலைபேசியில் கூப்பிட்டான். வெர்லின் என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டான். வழியெல்லாம் விசிலடித்தபடி ஓட்டினான்.

கிளைட் வாசலிலேயே நின்றிருந்தான். "பெரியம்மாவுக்கு நீங்க எவ்வளவு செஞ்சீங்க. அழுக்கா எப்படிக் குடுக்கறதுன்னு ரெண்டு வாரம் உக்காந்து தேய்ச்சேன். பாருங்க!"

கட்டை புது வார்னிஷில் பளபளத்தது. குழல் கண்ணாடி மாதிரி மின்னியது. இயந்திரச் சக்கரம் வைத்துத் தேய்த்திருக்கிறான். வெர்லின் குழலின் மேல் விரலை மெதுவாக ஓட்டினான். திரும்ப ஓட்டினான். பெயர் இல்லை.

"இங்க எழுத்து இருந்துச்சே..."

"ஆமா, ஏதோ கீறல் இருந்துச்சு. அதைப் போக்கத்தான் ரொம்ப நேரமாச்சு."

வெர்லின் துப்பாக்கியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போய் வண்டியின் சக்கரத்தை எட்டி உதைத்தான். கிளைட் என்னிடம், "பிடிக்கலையா?" என்றான். பாவம், அவன் கண் கலங்கிவிட்டது. நானே துப்பாக்கியைத் தூக்கிவந்து பின்சீட்டில் போட்டேன்.

வெர்லின் குழலைக் கழற்றி, அடியிலாவது பெயர் இருக்குமா என்று தேடினான். ஒன்றுமில்லை. சேகரிப்பாளர் சங்கத்துக்கு எடுத்துப்போனான். மூன்று பேர் பார்த்தார்கள். "ரைஷ் செஞ்சதா இருக்கலாம்" என்றார் ஒருவர்.

"இருக்கலாம் இல்ல. நான் படிச்சேன்!"

"நீங்க படிச்சீங்க, சரி. நாங்க என்னத்தைப் படிக்கறது?"

அடுத்த சந்தையில் அதை மேசையில் வைத்தான். வந்தவர்களெல்லாம் "என்னமா மின்னுது!" என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். மத்தியானத்துக்குள் அதைப் போர்வைக்குள் சுருட்டிவிட்டான்.

"இனி இதைக் கெடுக்க என்ன மிச்சம் இருக்கு? சுட்டுப் பார்த்துடறேன்" என்றான். துப்பாக்கி பழுதுபார்ப்பவர் குழலைச் சோதித்து, சுடலாம் என்றார். அடுத்த ஞாயிறு கல்குவாரிக்குப் போனோம். முதல் தடவை பொறியே வரவில்லை. இரண்டாம் தடவை வெளியே வெடிமருந்து புஸ்ஸென்று எரிந்தது, உள்ளே பற்றவில்லை. அன்று முழுக்க அவ்வளவுதான். திட்டிக்கொண்டே திரும்பினான்.

நாலாவது ஞாயிறு வெடித்தது. குண்டு இலக்குப் பலகையைத் தொடக்கூட இல்லை.

"இடப்பக்கம் இழுக்குதுடா" என்றான், புகைக்குள்ளிருந்து. ஐம்பத்தொன்பது வயதில் முகமெல்லாம் கரி. "கல்லு சரியில்ல. மருந்தும் ஜாஸ்தி. அந்த ரைஷ் மனுஷன் இதை வச்சு எப்படித்தான் மான் அடிச்சாரோ!"

வீட்டுக்கு வந்ததும் அடீல் அவனை வாசலிலேயே நிறுத்தினாள்.

"இந்தக் கோலத்துல உள்ள வராத. போய்க் குளி முதல்ல."

"குளிக்கறேன், குளிக்கறேன். அடுத்த ஞாயிறும் போகணும்."

"இது எத்தனை வருஷத்துக்கு?" என்று அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

எனக்கு எப்படித் தெரியும்?