காலிக் கட்டம்

அன்று அறையில் இருந்தவர்கள்: நான். என் மனைவி. மகள். மனைவியின் தம்பி, டிரெய்லர் ஓட்டுகிறவன். போன் அவனுடையது. எங்கள் போனில் ரிசல்ட் பக்கம் திறக்கவில்லை.

திருவொற்றியூரில் எங்கள் வீடு ஒரே அறை. கதவைச் சாத்தினால் லாரிச் சத்தம் கொஞ்சம் குறையும். சாத்தியிருந்தோம்.

மகள் சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதியிருந்தாள். நூற்றிருபது கேள்வி. தேறினால் பெரிய கல்லூரியில் ஐந்து வருடப் படிப்பு. அவளுக்கு அது ஒன்றுதான் வேண்டும்.

மச்சான் படித்தான்.

"சரி எழுவது. தப்பு அம்பது. மார்க்கு அம்பத்தேழரை."

எண் பார்க்கிற வேலை என்னுடையது. ஒத்துப்போகாத எண் உடனே தெரியும்.

"எழுவது சரின்னா எழுவதுதான மார்க்கு. இன்னா படிக்கிற நீ?"

"ஒரு தப்புக்குக் கால் மார்க்கு புடிப்பானாம் மாமா. இங்க போட்டுக்கீது. அம்பது தப்புக்குப் பன்னண்டரை. லேட்டா போனா உங்க யார்டுல அர நாள் புடிக்கிறானே, அந்த மாதிரி."

"உனக்கு யார் சொன்னது?"

"எவன் சொல்லணும்? கேள்வித்தாள்ல மொதப் பக்கத்துலயே போட்டுருப்பான்."

மகளைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் மனைவி, "சாப்டுங்க எல்லாரும்" என்றாள். யாரும் சாப்பிடவில்லை. பிறகு வந்த பட்டியலில் எங்கள் பிரிவில் கடைசி இடம் அறுபதரைக்குப் போயிருந்தது. மூன்று மதிப்பெண் குறைவு.

முதல் பக்கம் எங்களிடம் இருந்ததில்லை.

பழைய புத்தகக் கடையில் பழைய கேள்வித்தாள் ஒரு கட்டு வாங்கியிருந்தோம். ஒன்பது வருடத் தாள். எல்லாவற்றிலும் மேல் தாள் கிழிந்திருந்தது. கேள்விகள் முழுதாக இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்தேன். முழுதாக இருந்தன.

நான் ஏழாவது வரை படித்தவன். இங்கிலீஷ் வராது. எழுத்தும் எண்ணும் தெரியும். கண்டெய்னர் யார்டில் பெட்டி வந்து இறங்கினால் அதன் நம்பர், கதவில் மாட்டிய சீலின் நம்பர், நீளம் எத்தனை அடி, எந்த வரிசை என்று டேலித் தாளில் கட்டம் கட்டமாக ஏற்றுவேன். பதினெட்டு வருடம் அந்த வேலை. அதனால் மகள் எழுதியதைத் திருத்துவது என் வேலை ஆனது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் இரண்டு மணி நேரம் எழுதுவாள். நான் கட்டோடு வந்த விடைக் குறிப்பைப் பக்கத்தில் வைத்து ஏ, பி, சி, டி பார்த்து டிக் போடுவேன். டிக்கை எண்ணி மேலே எழுதுவேன். தப்பைக் கழித்ததில்லை. கழிக்க வேண்டும் என்று தெரியாது.

முதல் இரண்டு தடவை அவள் கடைசியில் இருபது, முப்பது கேள்வியை விட்டிருந்தாள்.

"இது ஏன் காலியா கீது?"

"டைம் இல்ல நைனா. படிக்கவே இல்ல அதெல்லாம்."

"படிக்கலன்னா இன்னா. ஏதோ ஒண்ணு போடு. கட்டம் காலியா வுடாத."

யார்டில் அப்படித்தான். காலிக் கட்டத்தோடு போன தாள் திரும்பி வரும். கதவோடு கதவு ஒட்டி அடுக்கிய பெட்டியில் சீல் தெரியாது. கிரேனைக் கூப்பிட்டு நகர்த்திப் பார்க்க நேரம் கொடுக்க மாட்டார்கள். 'ஓகே' என்று போடுவோம். எல்லாரும் போடுவோம். என்னிடம் வேலை கற்றவர்களுக்கும் அதைத்தான் முதலில் சொன்னேன்.

அவளுக்கும் சொன்னேன். மிச்சம் ஏழு தாளிலும் ஒரு கட்டம் காலி இல்லை. மேலே நான் எழுதிய எண்ணும் கூடிக்கொண்டே வந்தது. எனக்குத் திருப்தியாக இருந்தது.

ரிசல்ட் வந்த மூன்றாம் நாள் கேட்டேன்.

"ஹால்ல மொதப் பக்கம் படிச்சியா?"

"படிச்சேன்."

"அப்புறம்?"

"அஞ்சு நிமிஷம்தான் கீதுன்னு பெல் அட்ச்சாங்க. கை அது பாட்டுக்குப் போட்டுகினே போச்சு நைனா. வுடு."



சட்டம் படிக்க வேண்டும் என்று அவள் முடிவு செய்தது ஒன்பதாவது படிக்கும்போது. என் இடக்கையில் இரண்டு விரல் இல்லை. பெட்டிக் கதவில் போனது. ஆஸ்பத்திரியில் ஒரு தாளை நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டேன். ஒரு வருடம் கழித்து அதன் நகலை அவள் எடுத்துப் படித்தாள். விபத்துக்கு என் கவனக்குறைவே காரணம் என்று நான் ஒப்புக்கொண்டதாக இருந்ததாம். அன்றைக்குச் சொன்னாள், சட்டம் படிக்கிறேன் என்று. வேறு காரணம் சொன்னதில்லை.

அடுத்த வருடமும் எழுதுவதாகச் சொன்னாள். ஒரு நோட்டு கேட்டாள், கோடு போட்டுத் தரச் சொன்னாள். டேலித் தாள் போலவே போட்டேன். நான்கு கட்டம். கேள்வி நம்பர், அவள் போட்டது, சரியான விடை, ஏன் தப்பு. 'தப்பு நோட்டு' என்று பெயர் வைத்தாள். ராத்திரி பகல் அதோடு இருந்தாள். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர்கள் காலேஜுக்குப் போகிற நேரத்தில் தண்ணி பிடிக்கப் போக மாட்டாள். அவர்கள் போன பிறகு போவாள்.

அந்த வருடம் யார்டில் ஒரு நாள் சீல் தெரியாத பெட்டி வந்தது. கட்டத்தைக் காலியாக விட்டேன். சூப்பர்வைசர் தாளைத் தூக்கிக்கொண்டு வந்தார். என்னைவிடச் சின்னவர்.

"இன்னா நைனா, தூங்கினியா? கட்டம் காலியா கீது."

"பாக்கல சார்."

"பாக்கலன்னா ஓகே போடு. புதுசா வந்தவன் மாதிரி பேசற."

"பாக்காதத எப்படி ஓகே போடறது?"

"பதினெட்டு வருஷமா எப்டிப் போட்ட?"

மறுநாளும் காலியாக விட்டேன். வாரக் கடைசியில் தாளையும் பேனாவையும் வாங்கிக்கொண்டார்கள். இப்போது கேட்டில் லாரிக்குச் சங்கிலி எடுத்துவிடுகிறேன். நிலக்கரி லாரி அந்த வழியாகத்தான் எண்ணூர் போகிறது. சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் கருப்பாக வரும்.

வீட்டில் காரணம் சொல்லவில்லை. வயதாகிவிட்டது, மாற்றிவிட்டார்கள் என்றேன். மச்சான் சிரித்தான்.

"கேட்டு மாமா ஆய்ட்டியா. இனிமே எனக்கு சலாம் போட்டுத்தான் வுடணும்."

"போடறேன்" என்றேன்.

போன மாதம் அவள் இரண்டாம் தடவை எழுதினாள். ரிசல்ட் இன்னும் வரவில்லை. நான் கூடப் போனேன். ஹாலுக்குள் பையை விடவில்லை. என் கையில் கொடுத்தாள். உள்ளே போகும்போது, "தெரியாதத வுட்டுடு" என்றேன். "தெரியும் நைனா" என்றாள்.

பரீட்சை நடந்த பள்ளிக்கூடத்தின் வாசலுக்கு எதிரே பிளாட்பாரத்தில் உட்கார்ந்தேன். மழை பிசுபிசுத்தது. பை நனையாமல் மடியில் வைத்தேன். உள்ளே தப்பு நோட்டு இருந்தது. அதை நான் பிரித்துப் பார்த்ததில்லை. பிரித்தேன்.

முதல் பக்கத்திலேயே போன வருடப் பரீட்சை. ஐம்பது தப்பையும் வரிசையாக ஏற்றியிருந்தாள். 'ஏன் தப்பு' என்ற கட்டத்தில் தமிழில் எழுதியிருந்தாள். அவசரம். சரியாகப் படிக்கவில்லை. தெரியும் என்று நினைத்தேன். மறுபடி அவசரம். எண்பத்தொன்பதாவது கேள்வி வரைக்கும் அப்படி.

தொண்ணூறாவது கேள்வியிலிருந்து கேள்வி நம்பர் இருந்தது, அவள் போட்டது இருந்தது, சரியான விடை இருந்தது. ஏன் தப்பு என்ற கட்டத்தில் எதுவும் இல்லை. பக்கத்தைத் திருப்பினேன். அங்கேயும் இல்லை. கடைசிக் கேள்வி வரைக்கும் இல்லை.

காலிக் கட்டங்களை விரல் வைத்து எண்ணினேன். திரும்ப ஒரு தடவை கீழிருந்து எண்ணினேன்.

இருபத்தெட்டு. தப்புக்குக் கால் என்றால் ஏழு மார்க்கு.