மூன்றாம் தடவை

எங்கள் ஊரில் சாப்பிடக் கூப்பிட்டால் முதலில் வேண்டாம் என்போம். இரண்டாம் தடவையும் வேண்டாம்தான். மூன்றாம் தடவை கையைப் பிடித்து இழுத்து உட்காரவைப்பார்கள். கூப்பிட்டவுடனே தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தால், "சோத்தையே பாக்காத மாதிரி"னு பின்னால் பேச்சு வரும். திருவண்ணாமலையிலிருந்து ஜெர்மனிக்குப் படிக்கப் போனபோது இந்தப் பழக்கமும் என்கூடவே வந்தது.

அங்கே மாணவர் விடுதியில் என் பக்கத்து அறையில் ஜெர்மன்காரப் பெண் ஒருத்தி இருந்தாள். எட்டுப் பேருக்குப் பொதுவான சமையலறையில் என்னைப் பார்த்துச் சிரித்தவள் அவள் மட்டும்தான். வாய்விட்டுப் பேச ஆளில்லாமல் மூன்று மாதம் கிடந்த எனக்கு அந்தச் சிரிப்பே பெரிசு. டிசம்பரில் ஒரு நாள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"கிறிஸ்துமஸுக்கு எங்க வீட்டுக்கு வரியா? அம்மா உன்னைப் பார்க்கணும்னாங்க."

ஐயோ, மனசு எப்படித் துள்ளியது! ஆனால் இந்தப் பாழாய்ப்போன வாய் இருக்கிறதே, "வேணாம், உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றது.

"சரி" என்றாள். அவ்வளவுதான். மறுபடி வெங்காயம் நறுக்க ஆரம்பித்துவிட்டாள்.

திரும்பக் கேட்பாள், கேட்பாள் என்று நான்கு நாள் சமையலறையிலேயே பழியாய்க் கிடந்தேன். ஐந்தாம் நாள் பையை மாட்டிக்கொண்டு, கையசைத்துவிட்டுப் போய்விட்டாள். நானே போய் "வரேன்" என்று சொல்லியிருக்கலாம். மானம் போய்விடுமாம்! காலி விடுதியில் இரண்டு வாரம் ரசம் வைத்துக் குடித்துக்கொண்டு அழுதேன். திரும்பி வந்தவளிடம் சிரிப்பு இருந்தது. ஆனால் எனக்கு வர இஷ்டமில்லை என்று முடிவு கட்டிவிட்டாள். அதற்கப்புறம் அவளும் கூப்பிடவில்லை, வேறு யாரும் கூப்பிடவில்லை.

போன விடுமுறைக்கு ஊருக்கு வந்த மறுநாளே கீழ்பென்னாத்தூருக்கு பஸ் ஏறினேன். பள்ளியில் கூடப் படித்த தோழி அங்கே வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். என்னை உரிமையோடு திட்ட அவள் ஒருத்தியாவது மிச்சமிருக்கிறாளே என்றுதான் போனேன். அவள் வைத்த காரக்குழம்பு வாசம் தெருவரைக்கும் வந்தது.

"வாடி வா! இன்னா இப்டி எளச்சிட்ட? உக்காரு, சாப்டு."

காலையிலிருந்து நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இருந்தாலும், "வேணாம்டி, இப்பதான் சாப்ட்டு வந்தேன்" என்றேன்.

தட்டை எடுத்த கை அப்படியே நின்றது.

"சரி, வுடு. வெளிநாட்டுல இருக்கறவங்கள ஜாஸ்தி கட்டாயப்படுத்தினா புடிக்காதாமே. எங்க வீட்டுக்காரர் சொன்னாரு."

கேலியாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. மரியாதையாகச் சொன்னாள். எனக்கென்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

இன்னொரு தடவை கூப்பிடேன்டி, ஒரே தடவை என்று உள்ளுக்குள் கதறினேன். அவள் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். அங்கே குளிர் எப்படி என்று கேட்டாள். ரொம்ப ஜாஸ்தி என்றேன்.