புதுசு என்று சொன்ன லேப்டாப்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னுடைய முதல் லேப்டாப் பழையது. நான் வாங்குவதற்கு முன்பே ஏதோ ஓர் அலுவலகத்தில் யாரோ வருஷக்கணக்கில் தட்டித் தேய்த்தது. இந்த ஒரு விஷயத்தைச் சொல்ல எனக்கு ஆறு வருஷம் ஆகியிருக்கிறது.

அப்போது கள்ளக்குறிச்சியில் கல்லூரி இரண்டாம் வருஷம், கம்ப்யூட்டர் சயின்ஸ். எங்களுக்கு முந்தைய செட் வரை பள்ளிக்கூடத்திலேயே அரசாங்க லேப்டாப் கிடைத்திருந்தது. எங்கள் செட்டுக்கு வரவில்லை. லேப் நேரம் போக மீதி நேரத்தில் நான் நோட்டில் பென்சிலால் புரோகிராம் எழுதி, மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பேன். மனசுக்குள் எல்லாமே சரியாகத்தான் ஓடும். லேபில் போய் அடித்தால்தான் சாயம் வெளுக்கும்.

வீடு கச்சிராயபாளையம் பக்கம். அப்பா கரும்பு வெட்டப் போவார், அம்மா களை எடுக்கப் போவார். இரண்டு பேரும் சேர்ந்து எனக்காக ஒதுக்கி வைத்திருந்தது பத்தாயிரம். அதை வைத்துக்கொண்டு எந்தக் கடைக்குப் போனாலும் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

எங்கள் சபை சின்னது. தகரக் கூரை போட்ட ஆலயம், ஐம்பது குடும்பம் இருக்கும், முக்கால்வாசிப் பேர் கூலிக்குப் போகிறவர்கள். வருஷத்துக்கு ஒரு முறை அறுவடைப் பண்டிகை வரும். அன்றைக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் விளைந்ததில் நல்லதாக ஒன்றைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைப்பார்கள். கரும்புக் கட்டு, மரவள்ளிக் கிழங்கு, பூசணி, காலைக் கட்டிய சேவல். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். ஏலம் எடுத்தவர் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று கட்டாயமில்லை. "திரும்ப வுடுங்க" என்று மேசையிலேயே வைத்துவிடலாம். அதே பொருள் மறுபடியும் ஏலத்துக்கு வரும். யாருக்காவது ஆபரேஷன், யார் வீட்டிலாவது கூரை போய்விட்டது என்றால், ஒரே ஒரு பொருளை அவர்கள் பேரில் திரும்பத் திரும்ப விட்டுக் காசு சேர்ப்பது எங்கள் சபை வழக்கம்.

அந்த வருஷம் என் பேரில் ஒரு பூசணிக்காயை விட்டார்கள்.

போதகர் என்னை மேசைக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டார். பத்தொன்பது முறை அந்தப் பூசணிக்காய் விலைபோனது. முந்நூறு, ஐந்நூறு, ஒரு முறை இரண்டாயிரம். பக்கத்து ஊர்களிலிருந்து விருந்தாளியாக வந்தவர்கள்கூடக் கேட்டார்கள். நான் யாருடைய முகத்தையும் பார்க்காமல் பூசணிக்காயின் காம்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். நாலு முறை அதை எடுத்தது அத்தை. எங்களுக்குச் சொந்தமெல்லாம் இல்லை. அம்மா போகும் களையெடுப்பு செட்டுக்கு அவர்தான் தலைமை. எந்தக் காட்டுக்கு எத்தனை பேர் என்று பேசி அழைத்துப் போகிறவர். புருஷன் இல்லை, ஒரே மகள்.

"இன்னா, அம்மாந்தானா? வாய்ல கொழுக்கட்டையா வச்சிக்கினு இருக்கீங்க? நம்ம பொண்ணு படிக்கப் போவுது, கேளுங்கப்பா!" என்று அவர்தான் கத்திக்கொண்டிருந்தார்.

வீட்டுப் பத்தாயிரத்தையும் சேர்த்து இருபத்தெட்டாயிரம் ஆனது. ஏலம் என்பதால் சபையில் சின்னக் குழந்தைக்குக்கூட அந்தத் தொகை தெரியும். கடைசியில் போதகர் சொன்னார்: "வாங்கினதும் நேரா இங்க எடுத்துக்கினு வா. பீடத்துல வச்சி ஜெபம் பண்ணிட்டு அப்புறம் தொறக்கலாம்."

அன்றைக்கு அங்கே நின்றதைத்தான் என் வாழ்க்கையின் பெரிய வெட்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு முட்டாளாக இருந்திருக்கிறேன்.

கல்லூரி விட்டதும் இரண்டு மூன்று நாள் கடை கடையாக ஏறி இறங்கினேன். துருகம் ரோட்டில் கண்ணாடி போட்ட ஷோரூமில் என் தொகைக்குப் புதிதாக ஒன்று இருந்தது. மெல்லிசு, வெள்ளி நிறம், பார்த்தாலே கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஆனால் பட்டனை அழுத்தினால் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். நாலு ஜிபி ராம். கல்லூரியில் சீனியர் அக்கா ஒருவர் முன்பே எச்சரித்திருந்தார்: "இந்தக் காசுக்குப் புதுசு வாங்காத. கம்பெனில வச்சிருந்து குடுத்தது வரும், அத வாங்கு. மாடு மாதிரி உழைக்கும்."

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில், அப்படியொரு கடை. கறுப்பாக, கனமாக, அழகென்று சொல்ல எதுவும் இல்லாத ஒன்றைக் கடைக்காரர் எடுத்து வைத்தார். எட்டு ஜிபி. "ஒக்காந்து ஓட்டிப் பாரும்மா, அவசரமில்ல" என்றார். ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். நோட்டில் எழுதி வைத்திருந்ததை அடித்தேன். தவறு எங்கே என்று அடுத்த நொடி காட்டியது. திருத்தினேன், ஓடியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. விலை பதினாறாயிரம்.

அதை எடுத்ததில் எந்தத் தப்பும் இல்லை. இன்றைக்கு என்னிடம் யாராவது கேட்டாலும் அதையே எடுக்கச் சொல்வேன். தப்பு படியிறங்கி வரும்போது ஆரம்பித்தது.

எங்கள் சபையில் பீடத்தில் பழுதுள்ளதை வைக்க மாட்டார்கள். பூசணியில் ஒரு நகக்கீறல் இருந்தால்கூட மாற்றி எடுத்து வருவார்கள். அப்படிப்பட்ட ஜனங்கள் கூலிக் காசைப் போட்டு அனுப்பியிருக்கும்போது, யாரோ வேண்டாமென்று ஒதுக்கிய ஒன்றைக் கொண்டுபோய் வைத்தால் என்ன நினைப்பார்கள்? இதைப் பஸ் ஏறும்வரை யோசித்தேன். பிறகு இறங்கிப் போய், மூடிமேல் ஒட்டப் பளபளப்பான ஒரு ஸ்டிக்கரும் புதுப் பையும் வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்து எல்லாரும் சுற்றி நின்று தொட்டுப் பார்த்தார்கள். அத்தை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டுதான் தொட்டார்.

"புதுசுதானே பாப்பா?"

"புதுசுதான் அத்த."

"காசு பத்துச்சா? கம்மியா இருந்தா சொல்லு."

"சரியா இருந்துச்சு அத்த."

வாய் கூசவே இல்லை. அந்த நிமிஷம் மீதிப் பதினோராயிரத்துச் சொச்சமும் என் பையில்தான் இருந்தது. காணிக்கைப் பெட்டி நாலடி தூரத்தில் இருந்தது. யாருக்கும் தெரியாமல் போட்டிருக்கலாம். அப்பாவிடம் கொடுத்திருக்கலாம். நான் அடுத்த வாரம் ஒரு போன் வாங்கினேன். கல்லூரியில் என்னிடம் மட்டும்தான் பட்டன் போன் இருந்தது என்பதெல்லாம் ஒரு காரணமா? அப்போது காரணமாகத்தான் தெரிந்தது. போன் ஏது என்று அம்மா கேட்டபோது, "லேப்டாப் வாங்கினா ஃப்ரீயா குடுக்கிறாங்கம்மா" என்றேன். ஆடித் தள்ளுபடியில் புடவைக்குத் துண்டு கொடுக்கிற ஊரில் அதை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? அம்மா அதைக் களைக்காட்டில் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

இரண்டு வருஷம் கழித்து அத்தையின் மகள் பி.சி.ஏ. சேர்ந்தாள். அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து நின்றார். இம்முறை ஏலம் எதுவும் இல்லை. அவரே சேர்த்து வைத்திருந்தார்.

"நீ வாங்கினா மாரியே ஒண்ணு எடுத்துக் குடு பாப்பா. எனக்கு இன்னா தெரியும்? நீ சொன்ன ரேட்டு அப்பிடியே வச்சிருக்கேன். ஒரு ரூபா ஜாஸ்தி கேட்டாலும் என்னால ஆவாது."

மாடிக் கடைக்கு அழைத்துப் போனால், படியேறும்போதே கடைக்காரர் என்னைப் பார்த்து, "இன்னாம்மா, எடுத்துக்கினு போனது நல்லா ஓடுதா?" என்று கேட்பார். விலை தெரிந்துவிடும். போன் கதையும் நாறிவிடும். இதற்கு வழி இருந்தது என்பதுதான் கொடுமை. நான் தனியாகப் போய் வாங்கி வந்திருக்கலாம். இல்லையென்றால் அத்தையின் காலைப் பிடித்துக்கொண்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் அவர்கள் இரண்டு பேரையும் நேராகத் துருகம் ரோட்டு ஷோரூமுக்கு அழைத்துப் போனேன்.

அதே வெள்ளி நிறம், அதே நாலு ஜிபி. "இது நல்லா இருக்குமாக்கா?" என்று மகள் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். நல்லா இருக்காது என்று அந்தக் கடையில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. "நல்லா இருக்கும்" என்றேன்.

பில் போடும்போது அத்தை விற்பனைக்காரப் பெண்ணிடம், "போன் இன்னாம்மா, குடுக்க மாட்டியா?" என்று கேட்டார். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. "இந்தப் பொண்ணு வாங்கும்போது குடுத்தாங்களே" என்று அத்தை என்னைக் காட்டினார். கல்லாவில் இருந்தவர் சிரித்தார். "லேப்டாப்புக்குப் போன் குடுத்தா நாங்க இன்னாத்துக்குக் கடை நடத்துறது?"

"அந்த ஆஃபர் முடிஞ்சிட்டுது அத்த" என்றேன். அத்தைக்கு முகம் சுருங்கிவிட்டது, கடைக்காரர் சிரித்ததில். தெரியாமல் கேட்டுவிட்டோமோ என்று அவர் கூனிக் குறுகி நின்றார். வெட்கப்பட வேண்டிய நான் பக்கத்தில் நிமிர்ந்து நின்றேன். அந்த நிற்பை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அடுத்த ஞாயிறு அத்தை எழுந்து நின்று சாட்சி சொன்னார். படிக்காத தன்னை யாரும் ஏமாற்றிவிடாமல், இந்தப் பிள்ளை கூடவே வந்து வாங்கிக் கொடுத்தது என்று ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் புன்னகை செய்தேன்.

படித்து முடித்து, கல்வராயன் மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சராக வேலைக்குச் சேர்ந்தேன். அந்தக் கறுப்பு லேப்டாப்தான் எனக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது என்று சொல்ல வேண்டும். போன ஆண்டு ஒரு காலையில் வெள்ளிமலை பஸ்ஸில் அத்தையின் மகள் ஏறினாள். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மலையில் ஓர் அலுவலகத்தில் டேட்டா என்ட்ரி வேலை கிடைத்திருக்கிறதாம், அன்றைக்குத்தான் முதல் நாள். அந்த வேலைக்கு பி.சி.ஏ. தேவையே இல்லை. கோடிங் வேலைக்குப் போகவில்லையா என்று கேட்டேன். பேச்சுக்குக் கேட்டதுதான்.

"எங்கக்கா, வூட்ல பிராக்டிஸ் பண்ணாதான வரும்? என் லேப்டாப்ல சாஃப்ட்வேரே ஏறல. தொறந்தா நின்னுக்கும். மூணு வருஷம் ஃபிரண்டுங்களோடதுல பாத்துப் பாத்து பாஸ் பண்ணேன்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பஸ் வளைவுகளில் ஏற ஆரம்பித்திருந்தது.

அவள் குரலைத் தாழ்த்தி, "அக்கா, உங்களுது செகண்ட் ஹேண்ட்தான?" என்றாள்.

உனக்கு எப்படித் தெரியும் என்றேன்.

"ஃபஸ்ட் இயர்லயே தெரியும். உங்க மாடல் நெட்ல போட்டுப் பாத்தேன். நீங்க வாங்கினப்ப அது புதுசா கடைக்கே வர்றதில்ல. பழசு இன்னா ரேட்டு போவும்னும் பாத்தேன்."

"அம்மாவுக்கு...?"

"சொல்லல."

"ஏன்?"

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. ஒரு கணக்கை விளக்குகிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். "சொன்னா அம்மா சும்மா இருக்காது. சபைல எல்லாருக்கும் தெரிஞ்சிடும். அப்புறம் யாரு பேர்லயும் ஏலம் வுட மாட்டாங்க. எனக்கு அடுத்தாப்ல படிக்கிற புள்ளைங்க இருக்குதுங்க இல்ல?"

மன்னிச்சிடு என்றேன். அவள் பையை மடியில் திருப்பி வைத்துக்கொண்டாள். இறங்குவதற்கு முன் மட்டும் ஒரு வார்த்தை சொன்னாள். "என்கிட்ட எதுக்குக்கா கேக்குறீங்க? அது எங்கம்மா காசு. கேக்குறதுன்னா அதுகிட்ட தனியாக் கேளுங்க."

அதற்கப்புறம் எத்தனையோ ஞாயிறு வந்து போய்விட்டது. அத்தை இப்போதும் ஆலயத்தில் எனக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறார். பாய் விரித்துப் பக்கத்தில் உட்காரச் சொல்கிறார். நான் உட்காருகிறேன். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று போய், சொல்லாமல் திரும்பி வருகிறேன்.

அதனால்தான் இதை எழுதினேன். பெயர் எதையும் போடவில்லை. போட்டிருந்தாலும் பரவாயில்லை. அத்தைக்குப் படிக்கத் தெரியாது, அது தெரிந்துதான் எழுதியிருக்கிறேன்.