தேறினால்தான்

அவளுக்கு வேலை மருத்துவமனையின் சலவைக்கூடத்தில். துவைத்துப் பிழிந்து அரை ஈரமாக வரும் படுக்கை விரிப்புகளை இரண்டு மூலைகளிலும் பிடித்து உதறி, நீவி, சூடான உருளைகளுக்கு நடுவே விட வேண்டும். எதிர்ப்பக்கம் நிற்பவள் இஸ்திரியாகி வருவதை வாங்கி மடிப்பாள். மதியம் இரண்டு மணிக்கு உள்ளே போனால் இரவு பத்துக்குத்தான் வெளியே வர முடியும். சுருக்கம் விழுந்த விரிப்பு திரும்பி வந்துவிடும் என்பதால் கண்ணை எடுக்க முடியாது. மனசை மட்டும் எங்கே வேண்டுமானாலும் அனுப்பலாம். ஒரு வருஷமாக அவள் அதைச் சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வின் தர்க்கக் கேள்விகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள்.

காரணம் காலை ஷிப்டில் வேலை செய்யும் ஒரு அக்கா. ஷிப்ட் மாறும் நேரத்தில் ஒருநாள் அந்த அக்காவின் வலது கை உருளைக்குள் போய்விட்டது. பக்கத்தில் நின்றிருந்த இவளைச் சாட்சியாக அழைத்தார்கள். விசாரித்த அதிகாரி மரியாதையானவர். குரலை உயர்த்தவே இல்லை. "விதிப்படி வேலை செய்தால் கை மாட்டாது. இவங்க கை மாட்டியிருக்கு. அப்ப இவங்க விதிப்படி வேலை செய்யல" என்றார். அத்துடன் நஷ்டஈடு கிடையாதென்று நிர்வாகம் கையை விரித்துவிட்டது. அக்காவால் இன்றுவரை இரண்டு விரல்களை விரிக்க முடியவில்லை. அந்த அதிகாரியின் பேச்சில் எங்கேயோ கோளாறு இருப்பது இவளுக்குத் தெரிந்தது. எங்கே என்று சொல்லத் தெரியவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

அஞ்சல் வழியில் வாங்கிய ஒரு பட்டம் பெட்டியில் கிடந்தது. நகரத்தில் மாலை நேரச் சட்டக் கல்லூரி ஒன்று இருந்தது. வயது நாற்பதை நெருங்கியிருந்தாலும் அங்கே சேர்த்துக்கொள்வார்கள். தடையாக இருந்தது மதிய ஷிப்ட். காலை ஷிப்டுக்கு மாறினால் ஒழிய வகுப்புக்குப் போக வழியில்லை. சூப்பர்வைசரிடம் போய்க் கேட்டாள். அவர் ஒரு கையில் டீயும் மறு கையில் போனுமாக இருந்தார்.

"முதல்ல தேறி வாம்மா. தேறினாதான் காலை ஷிப்ட்."

வீட்டுக்கு வந்து நாத்தனாரிடம் சொன்னாள்: "தேறினா காலை ஷிப்ட் தர்றாராம்."

கணவர் தூரத்து ஊர்களுக்கு லாரி ஓட்டுகிறவர். வாரத்தில் ஒருநாள் வீட்டில் இருப்பார். அன்றைப் பொழுதையும் தூங்கியே கழிப்பார். ஆகவே கேள்வி கேட்கும் பொறுப்பு அவர் தங்கையிடம் வந்து சேர்ந்தது. நாத்தனாருக்குச் செருப்புக் கடையில் வேலை. கடைக்குக் கிளம்பும் வரை காலை நேரம் இருவருக்கும் சொந்தம். அண்ணி காய் நறுக்குவாள், நாத்தனார் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு வாசிப்பாள்.

"அண்ணி, தூங்குறீங்களா?"

"இல்ல. கண்ண மூடி யோசிக்கிறேன்."

"குறட்டையெல்லாம் வருது, அவ்வளவு ஆழமான யோசனையா? கேளுங்க. சாவி இருந்தால்தான் அலமாரி திறக்கும். சாவி இருக்கிறது. ஆகவே அலமாரி திறக்கும். முடிவு சரியா, தவறா?"

"சரி."

"தவறு."

"பின்னாடி விடையப் பாத்துச் சொல்லு."

"அதைத்தான் பாத்துட்டு இருக்கேன். தவறுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு."

"அப்ப அச்சுப் பிழையா இருக்கும். சாவி இருந்தா ஏன் திறக்காது?"

"எங்க கடை ஷட்டர்கிட்ட வந்து கேளுங்க. சாவி இருக்கு, முதலாளி இருக்கார், எல்லாரும் சேந்து இழுக்கறோம். அது அசையுதா?"

மற்ற வகைக் கேள்விகள் மெல்ல மெல்லப் பிடிபட்டன. இந்த வகை மட்டும் அவளுக்குத் தண்ணி காட்டியது. வாசிக்கும்போது 'தான்' கண்ணில் படும். விடை சொல்வதற்குள் மனசு அதை விழுங்கிவிடும். உடம்பும் ஒத்துழைக்கவில்லை. எட்டு மணி நேரம் உருளைச் சூட்டில் நின்றவளுக்கு விடிந்த பிறகும் தோள்பட்டை விண்ணென்று தெறிக்கும். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, தான் படித்தது கேள்வியா விடையா என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பாள்.

ஒருநாள் நாத்தனார் புத்தகத்தை மூடி வைத்தாள்.

"இப்படி வச்சுக்கங்க அண்ணி. நான் சம்மதிச்சாதான் எனக்குக் கல்யாணம். சரியா?"

"சரி."

"நான் சம்மதிச்சு நாலு வருஷமாச்சு. மாப்பிள்ளை எங்க?"

அண்ணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நாத்தனாரும் சிரித்தாள், ஆனால் கொஞ்சம் முன்னதாகவே நிறுத்திக்கொண்டு செருப்பைத் தேடிப் போனாள்.

அன்று மாலை விரிப்பு ஒன்றை நீவிக்கொண்டிருந்தபோது சூப்பர்வைசரின் குரல் அப்படியே காதில் வந்தது. அவர் 'தேறினா' என்று சொல்லவில்லை. 'தேறினாதான்' என்றார். வீட்டில் அதைச் சொன்னபோது அந்தத் 'தான்' என்பதை விழுங்கியவள் அவள்தான். விரிப்பு சாய்ந்து உள்ளே போயிற்று.

"என்ன, இந்தப் பக்கம் எல்லாம் கோணலா வருது?" என்று மடிப்பவள் கத்தினாள். "புருஷன்கூடச் சண்டையா?"

"அவர் ஊர்லயே இல்ல. எங்க சண்ட போடறது?"

நேரே போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. 'ஆமா, இன்னும் சிலது இருக்கு' என்று அவர் சொல்லிவிட்டால் மறுநாள் காலையில் எழுந்திருக்க உடம்பு மறுத்துவிடும் என்று பயந்தாள். தெரியாதவள் போலவே படித்தாள்.

தேர்வு ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. பெஞ்சு குழந்தைகளுக்கானது, முழங்கால் இடித்தது. நடுவில் ஒருமுறை நெற்றியைக் கையில் தாங்கியவள் அப்படியே கண்ணயர்ந்துவிட்டாள். மேற்பார்க்க வந்தவர் மேஜையைத் தட்டினார். விழித்தபோது எதிரே இருந்த கேள்வியில் ஒரு 'தான்' இருந்தது. இந்த முறை விழுங்கவில்லை.

முடிவு வந்த அன்று நாத்தனார் போனில் பட்டியலைக் கீழிருந்து மேலே தேடினாள். அதனால் பெயர் சீக்கிரமே அகப்பட்டது.

சூப்பர்வைசர் வாழ்த்தினார். பிறகு காதைச் சொறிந்தார். "ஆனா பாரும்மா, நான் தேறினா தர்றேன்னு சொல்லலியே. தேறினாதான்னு சொன்னேன்."

"தெரியும் சார். இன்னும் என்ன வேணும்?"

"காலை ஷிப்ட்ல இருந்து யாராவது உன் இடத்துக்கு வரணும்."

"யாராவது வந்தா குடுப்பீங்களா, வந்தாதான் குடுப்பீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"வந்தாதான்னா, அதுக்கப்புறம் இன்னொண்ணு கேப்பீங்க சார்."

அவர் சிரித்தார். "வந்தா. போதுமா?"

"போதும் சார்."

காலை ஷிப்டில் ஒவ்வொருவராகக் கேட்டாள். பிள்ளை ஸ்கூல் விட்டு வரும், மாமனாருக்கு மாத்திரை கொடுக்க வேண்டும், பஸ் கிடைக்காது. யாருடைய காரணத்தையும் தட்ட முடியவில்லை. கடைசியில் உடை மாற்றும் அறையில் அக்காவிடம் வந்து நின்றாள். கை அடிபட்டவளையே மேலும் சிரமப்படுத்துவது போல ஆகிவிடுமே என்றுதான் அவளைக் கடைசியாக வைத்திருந்தாள். அக்கா இடது கையால் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன வக்கீலம்மா, கோர்ட்டு கூடியாச்சா?"

விஷயத்தைச் சொன்னாள்.

"அங்க போய் என்னத்தப் படிக்கப் போற?"

"அன்னைக்கு அந்த அதிகாரி பேசினாரேக்கா. முடிச்ச விதம் சரிதான். ஆரம்பிச்ச வார்த்தைதான் பொய். விதிப்படி செஞ்சாலும் கை மாட்டும். தடுப்புக் கம்பி ஆடிக்கிட்டு இருந்தது. எனக்கு அப்ப அதக் கேக்கத் தெரியல."

அக்கா மீதிப் பொத்தான்களைப் போட்டு முடித்தாள். "இதக் கண்டுபிடிக்க ஒரு வருஷமா?"

"ஆமாக்கா."

"ரொம்ப மெதுவா இருக்கியே. சரி, மாத்திக்கிறேன். வீட்டுல டி.வி.தான் எனக்காகக் காத்துக்கிட்டிருக்கு. ஆனா என் ஞாயித்துக்கிழமை முறையும் நீதான் பாக்கணும்."

"ஒண்ணு விட்டு ஒரு ஞாயிறு என் முறை வேற இருக்கே. அப்ப எனக்கு ஞாயிறே கிடையாதே அக்கா."

"எனக்கு ரெண்டு விரல் இருந்தும் கிடையாது. நான் கேட்டேனா?"

"எத்தனை நாளைக்கு?"

"நீ படிச்சு முடிக்கிற வரைக்கும்."

"சரிக்கா" என்றாள். வேறு எதையும் உறுதிப்படுத்திக்கொள்ளத் தோன்றவில்லை.

மறுநாள் காலை நாத்தனார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு விரல்விட்டு எண்ணினாள். "பகல்ல வேலை. சாயங்காலம் கிளாஸ். ஞாயிறும் போச்சு. அப்ப எப்ப தூங்குவீங்க?"

"கிளாஸ்ல."

"கிளாஸ்ல தூங்கினா வக்கீலாக முடியாது அண்ணி."

"தூங்கினாதான் முடியும்" என்று சொல்லிவிட்டு, நறுக்கிய காயைத் தள்ளி வைத்து, மேஜைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள். மதியம் வேலைக்குப் போக இன்னும் நேரம் இருந்தது. நாத்தனார் அடுப்பை அணைத்துவிட்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டு கடைக்குக் கிளம்பினாள்.