பீப்பாய் மேல் உட்கார்ந்த விதவை

எம்மெட் ஸ்ட்ரேடரை யாரும் வெறுமனே வரலாற்றாசிரியர் என்று சொன்னதில்லை. "ஜனரஞ்சக வரலாற்றாசிரியர்" என்றுதான் சொல்வார்கள். அந்த முன்னொட்டைச் சொல்லும்போது பல்கலைக்கழகப் பேராசிரியர்களின் உதடு லேசாகக் கோணும். தாங்கள் எழுதிய புத்தகங்களைத் தங்கள் மனைவிமார்கூடப் படிப்பதில்லை என்ற வயிற்றெரிச்சல், வேறென்ன?

ஃபிலடெல்ஃபியாவில் "பழைய பாதை" என்ற மாத இதழுக்கு அவர் ஆசிரியர். நான், தெல்மா, அவருடைய உதவி ஆசிரியை. எம்மெட் ஒஹாயோவில் ஒரு செருப்புக்கடைக்காரரின் மகன். சட்டம் படிக்கப் போய்ப் பாதியில் ஓடிவந்தவர். கால்வாய் வெட்டினவர்கள், தபால் குதிரைக்காரர்கள், தோற்றுப்போன தளபதிகள் என்று ஒன்பது புத்தகங்கள் எழுதினார். எல்லாம் தந்தையர் தினத்துக்கு விற்றுத் தீரும். அப்பாவுக்கு இன்னொரு கழுத்துப்பட்டை வாங்கச் சலித்த பிள்ளைகள் எம்மெட்டை வாங்கினார்கள். அப்பாக்களும் அவரைச் சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினார்கள்.

கட்டுரை எழுதிக்கொண்டு வருகிறவர்களை அவர் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. "நாலாவது வரிக்குள்ள யாராவது குதிரையிலேருந்து விழணும்யா. இல்லேன்னா வாசகன் விழுந்துடுவான், தூக்கத்துல" என்பார். அதே மூச்சில், "விழுந்தான்னு யார் சொன்னது? ரெண்டு பேராவது பார்த்திருக்கணும். ஒருத்தன் மட்டும் பார்த்திருந்தா அந்தக் குதிரையே கிடையாது" என்பார். நீலப் பென்சிலால் அடித்துத் தள்ளுவார். ஒரு பாவப்பட்ட ஓய்வுபெற்ற கர்னல், தன் சொந்தத் தாத்தா போரில் காயம்பட்டதற்கே இரண்டாவது சாட்சி கிடைக்காமல் அழுதுகொண்டே போனார்.

அப்படிப்பட்ட மனுஷன்தான் விதவை பேஷன்ஸ் டட்டிலைப் பெற்றெடுத்தார்.

இதழ் அச்சுக்குப் போகிற நாளில் ஒரு விஸ்கிக் கம்பெனி தன் விளம்பரத்தை வாபஸ் வாங்கிக்கொண்டது. பக்கத்தின் அடியில் ஒரு ஓட்டை. அச்சுக்காரர் தொலைபேசியில் கத்துகிறார். எம்மெட் ஈரல் சாண்ட்விச்சை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் தட்டச்சு செய்தார். சுதந்திரப் போரின்போது ஹார்லன்வில் ஊரில் பேஷன்ஸ் டட்டில் என்றொரு விதவை, நம் படையின் வெடிமருந்துப் பீப்பாய் மேல் உட்கார்ந்திருந்தாளாம். பிரிட்டிஷ் அதிகாரி வந்து உள்ளே என்ன என்று கேட்டானாம். "புளிச்ச முட்டைக்கோஸ்" என்று சொல்லி, அதன் மேலேயே உட்கார்ந்து புகைக்குழாயைப் பற்றவைத்தாளாம். அவன் நம்பிப் போய்விட்டானாம்.

"யாரு இந்தப் பொம்பளை?" என்று கேட்டேன்.

"ஓட்டைக்கு மூடி. அடுத்த மாசம் யாருக்கு ஞாபகம் இருக்கப்போகுது?" என்றார்.

ஹார்லன்வில்காரர்களுக்கு ஞாபகம் இருந்தது. அந்த ஊருக்கு அதுவரை வரலாறு என்று ஒன்றுமே இல்லை. போர்க்காலத்தில் தளபதி வாஷிங்டன் இந்த மாநிலத்தில் தூங்காத சத்திரம் இல்லை; இந்த ஊர்ச் சத்திரத்தில் மட்டும் அவருக்குக் கொட்டாவிகூட வரவில்லை. இப்போது ஒரு விதவை கிடைத்துவிட்டாள், விடுவார்களா? கண் காது மூக்கு வைத்தார்கள். முதலில் சாலையோரம் ஒரு பலகை. பிறகு முட்டைக்கோஸ் திருவிழா. பிறகு பள்ளிக்கூட நாடகம். நாட்டின் இருநூறாவது பிறந்தநாள் வந்தபோது வெண்கலச் சிலையே வார்த்துவிட்டார்கள். திறந்துவைத்துப் பேச யாரைக் கூப்பிடுவார்கள்? எம்மெட்டைத்தான்.

அழைப்பு வந்த அன்று அவர் சாண்ட்விச்சைத் தொடவில்லை. அப்போது அவருக்கு இதயக் கோளாறு வேறு.

"தெல்மா, எனக்குப் பட்டம் கிடையாது. பேராசிரியனுங்க மதிக்கிறதும் கிடையாது. எனக்குன்னு இருக்கிறது ஒண்ணே ஒண்ணுதான். இந்த ஆள் இல்லாததை எழுத மாட்டான்னு ஜனங்க நம்புறாங்க. அதையும் வெண்கலத்துல வார்த்துக் கெடுத்துட்டு நான் சாகணுமா?"

"பேசாம உண்மையச் சொல்லிடுங்களேன்."

"சொல்லத்தான் போறேன்."

முதலில் விழாக் குழுத் தலைவி ஹார்டென்ஸ் விக்காமைத் தனியாகப் பார்க்கப் போனோம். அந்த அம்மாள் வம்சாவளிச் சங்கத்திலும் பெரிய புள்ளி. கோட்டில் தன் முன்னோர்களின் பதக்கங்களை வரிசையாகக் குத்தியிருந்தாள். எம்மெட் தொப்பியைக் கழற்றிவிட்டு, அப்படியொரு விதவை இருந்ததே இல்லை, நான்தான் இட்டுக்கட்டினேன் என்று சொன்னார்.

ஹார்டென்ஸ் பரிதாபமாகப் பார்த்தாள். "மிஸ்டர் ஸ்ட்ரேடர், நான் அவங்களுக்கு ஆறாவது தலைமுறைப் பேத்தி. என் மூக்கப் பாருங்க, அப்புறம் சிலையோட மூக்கப் பாருங்க."

"சிற்பிக்கு முன்னால உட்கார்ந்ததே நீங்கதானேம்மா?"

"பின்ன வேற யாரு உட்காரணும்? ரத்தம்னு ஒண்ணு இருக்கு இல்லையா? அது சரி, அவங்க இல்லவே இல்லேங்கிறதுக்கு ரெண்டு சாட்சி கொண்டுவாங்க பார்ப்போம். உங்க பத்திரிகையில அதானே சட்டம்?"

எம்மெட் தொப்பியை எடுத்து மறுபடி தலையில் வைத்துக்கொண்டார். பிறக்காதவள் பிறக்கவில்லை என்பதற்குச் சாட்சிக்கு எங்கே போவது? முன் வரிசையில் உட்காரும் உரிமைக்காக ஊரில் மூன்று குடும்பங்கள், நாங்கள்தான் பேஷன்ஸின் உண்மையான வாரிசு என்று வழக்கறிஞர் வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. அவர்களிடம் போய் உங்கள் பாட்டி ஒரு விஸ்கி விளம்பரத்துக்குப் பதிலாக வந்தவள் என்று சொன்னால் அடிக்க வந்திருப்பார்கள்.

விழா நாளில் எம்மெட் மேடையேறினார்.

"நண்பர்களே, பேஷன்ஸ் டட்டில் பிறந்தது இந்த ஊர்ல இல்ல. ஃபிலடெல்ஃபியாவுல, என் தட்டச்சுப் பொறியில. பத்து நிமிஷப் பிரசவம். அவங்களுக்குன்னு ஒரு குடும்பமும் கிடையாது. நான் இட்டுக்கட்டினது. என்னை மன்னிச்சுடுங்க."

ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. மேயர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடேயப்பா, என்னமாப் பேசுறாரு பாருங்க மனுஷன்! இவ்வளவு பெரிய ஆளுக்கு இவ்வளவு தன்னடக்கமா!" என்று கட்டிப்பிடித்தார். எம்மெட் மறுபடி ஒலிபெருக்கியைப் பிடிக்கப் போனார். பாண்டு வாத்தியம் ஆரம்பித்துவிட்டது. தட்டு நிறைய தொத்திறைச்சியும் முட்டைக்கோஸும் கொண்டுவந்து கையில் திணித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரோ பசித்தவர் மாதிரி நின்றுகொண்டே அதைத் தின்றார்.

அடுத்த இதழின் முதல் பக்கத்தில், கொட்டை எழுத்தில், மறுப்பு போட்டார். பத்திரிகை முதலாளி லெஸ்டர் பான்க்ராஃப்ட் அதைக் கடையில் வாங்கித்தான் பார்த்தாராம். வாசகர் கடிதங்கள் குவியத் தொடங்கியதும் நேராக அலுவலகத்துக்கு வந்துவிட்டார்.

"எம்மெட், சந்தாவை நிறுத்தச் சொல்லிக் கடிதம் மூட்டையா வருது. தேசத்துரோகின்னு எழுதுறான். எங்க பாட்டியக் கொன்னுட்டியேன்னு எழுதுறான். புத்தி கெட்டுப்போச்சாய்யா உனக்கு?"

"உண்மையத்தானே லெஸ்டர் போட்டேன்?"

"யாரு இப்ப அதைக் கேட்டா?"

அன்று மாலைக்குள் மேசையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். நல்ல பொய்க்குச் சம்பளம் கொடுத்த இடம், ஒரே ஒரு உண்மைக்கு வீட்டுக்கு அனுப்பியது. அடுத்த இதழில் புது ஆசிரியர், "சென்ற மாத மறுப்பு அச்சுப்பிழை. வருந்துகிறோம்" என்று போட்டார். நானும் வேலையை விட்டுவிட்டேன். அவருக்காக மட்டுமில்லை, அந்தப் புது ஆசிரியனின் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்காமலும்தான்.

சில வருஷம் எம்மெட் வீட்டோடு கிடந்தார். புத்தகங்கள் மறுபதிப்பு வரவில்லை. ஆனால் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. "வேலை போனா போகட்டும் தெல்மா. ஒருநாள் எவனாவது ஒழுங்கா எழுதுவான். எம்மெட் ஸ்ட்ரேடர் தன் பொய்யத் தானே ஒத்துக்கிட்டான், அதுக்காக வேலையவே பறிகொடுத்தான்னு எழுதுவான். அது போதும் எனக்கு" என்பார். அந்த ஒரு வரியில்தான் அவர் உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது என்பேன்.

ஒரு கோடையில், அந்தச் சிலையை ஒருமுறை பார்க்கவேண்டும் என்றார். நான்தான் காரில் கூட்டிப்போனேன். ஹார்லன்வில்லில் இப்போது அருங்காட்சியகமே இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் பேஷன்ஸின் புகைக்குழாய்! எம்மெட் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அதை வெகுநேரம் பார்த்தார். பழைய காலத்து வெள்ளைத் தொப்பி போட்ட வழிகாட்டிப் பெண் ஒருத்தி கதையை ஒப்பித்தாள். முடிந்ததும் எம்மெட் மெதுவாகக் கேட்டார்.

"இதெல்லாம் இட்டுக்கட்டினதுன்னு யாரோ ஒரு பத்திரிகை ஆசிரியர் சொன்னாராமேம்மா?"

"ஓ, அந்தக் கதையா!" என்று அவள் சிரித்தாள். "எல்லாரும் கேப்பாங்க சார். ஒரு ஆசிரியர் மேடையேறி நான் பொய் சொன்னேன்னாராம், அதனால வேலையே போச்சாம். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நீங்களே யோசிச்சுப் பாருங்க, எந்த மனுஷனாவது தன் பொழைப்புல தானே மண்ணப் போட்டுக்குவானா? யாரோ கட்டிவிட்டது சார் அது. அப்படி ஒருத்தர் இருந்திருக்கவே முடியாதுன்னு எங்க கையேட்டுலயே போட்டிருக்கு."

எம்மெட் அந்தக் கையேட்டை வாங்கிப் புரட்டினார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏம்மா, உன் கண் முன்னாடி நிக்கிறாரே, இவர்தான்மா அந்த ஆசிரியர்! நான் பக்கத்துலயே இருந்தவ, எனக்குத் தெரியாதா?"

அவள் எம்மெட்டை மேலும் கீழும் பார்த்தாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, வயசானவர்களிடம் காட்டும் பிரியத்தோடு அவரை உட்காரவைத்தாள். பிறகு என்னை ஓரமாகக் கூப்பிட்டு, அவர் காதில் விழாதபடி சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னாள்.

"கவலப்படாதீங்க மேடம். வருஷத்துக்கு ரெண்டு மூணு பேரு இப்படி, நான்தான் அவன்னு சொல்லிக்கிட்டு வர்றாங்க. நாங்க ஒண்ணும் தப்பா எடுத்துக்கறதில்ல."